ப்ளஸ் மைனஸ் ஒன்று

கழுத்து, தோள், கை நீளம்.
பதினோரு வருடமாக மேசையில் விரித்துப் போட்டு
டேப் வைத்துப் பார்க்கிற வேலை எனக்கு.
ஒரு சென்டிமீட்டர் கூடலாம், ஒரு சென்டிமீட்டர் குறையலாம்.
தாண்டினால் சிவப்பு ஸ்டிக்கர்.
அனுப்பர்பாளையத்தில் எங்கள் கம்பெனியில்
துளசிமணி கண்ணுக்குத் தப்பின பனியன் இல்லை என்பார்கள்.

மெட்டியைக் கத்தரித்துத்தான் எடுத்தார் நகைக்கடைக்காரர்.
"தண்ணியிலயே நிக்கறீங்களாட்ட இருக்குதுங்க, வீங்கிக் கெடக்குது."
நான் தண்ணீரில் நிற்பதே இல்லை.
ஆனாலும் அது சரியென்றே பட்டது.

செருப்பு ஆறாக இருந்தது, ஏழானது.
எட்டு கேட்டபோது கடைப்பையன்
ஆண்கள் பக்கம் போய் எடுத்து வந்தான்.
ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு அளவு என்று
அளவெடுத்தே சோறு தின்கிற நான்
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கை வளைகாப்பில்
விரல்களைக் குவித்து, சோப்பு தடவி,
இரண்டு ஆறு, இரண்டு எட்டு, இரண்டு பத்து
என்று ஏற்றிப் பார்த்தாள் வளையல்காரி.
மூன்று உடைந்தன.
நல்ல நாளும் அதுவுமாக என்று
யாரோ இழுத்த பாதி வாக்கியம்
சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் கூடவே வந்தது.

"சார், துளசிமணி மேடத்துகிட்ட குடுங்க."
நான்தான்.
"தமாசு பண்ணாதீங்க சார்."

வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி சோமனூர்.
தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவர்.
என் குறட்டைக்குப் பயந்து
பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

சர்க்கரைக்கு ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார்.
பிரஷருக்கு இன்னொருவர்.
மரத்துப்போன மணிக்கட்டுக்குக் கட்டு.
மார்கழியிலும் முதுகில் ஓடிய வேர்வைக்கும்
முப்பத்தெட்டில் நின்றுபோன தூரத்துக்கும்
"டென்சனைக் கொறைங்க."
ஆளுக்கொரு துண்டாக என்னைப் பார்த்தார்கள்:
கை தனி, காலர் தனி.
தைத்து முடித்த உருப்படியை யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

பல் இடைவெளியில் சோறு சிக்குகிறதென்று
அவிநாசியில் பல் டாக்டரிடம் போனேன். ஷமீனா என்று பேர், சின்னப் பெண்.
வாயைத் திறக்கச் சொல்லவில்லை.
நாற்காலிப் பிடியில் இருந்த என் கையையே பார்த்தாள்.
"பழைய போட்டோ ஏதாச்சும் இருக்குதுங்களா?"
வாக்காளர் அட்டை இருந்தது.
அதை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.
கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கூட
அத்தனை நேரம் பார்த்ததில்லை.
"பல்லு நகரலைங்க. தாடை வளர்ந்திருக்குது."

கோயமுத்தூரில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள்.
குடித்தால் ரத்தத்தில் அந்த வளர்ச்சிச் சுரப்பு அடங்க வேண்டுமாம்.
அடங்கவில்லை.
கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில்
பட்டாணி போல ஒரு சுரப்பி,
அதில் ஒரு கட்டி.
ஒன்று புள்ளி நாலு சென்டிமீட்டர்.
நான் சிரித்துவிட்டேன்.
டாலரன்ஸ் தாண்டி நாலு மில்லி என்றால்
அந்த டாக்டருக்கு என்ன புரியும்.

மூக்கு வழியாக எடுத்தார்கள்.
வேர்வை நின்றது. விரல் கொஞ்சம் இளைத்தது.
தாடை அப்படியே, எலும்பு திரும்பாதாம்.
மாதம் ஓர் ஊசி இருக்கிறது.
ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு
பாயோடு கீழே இறங்கி வந்தார் ஈஸ்வரமூர்த்தி.

நேற்று பொங்கலூர் பஸ்ஸில்
டிக்கெட் கிழித்த விரல்களைப் பார்த்தேன்.
புருவ மேடு. முன்பற்களில் சந்து.
கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.
பக்கத்திலேயே நின்ற பள்ளிக்கூடத்துப் பையன் மேல் மோதி
"எங்கிருந்துடா வந்தே?" என்றார் கண்டக்டர்.
பையன் எங்கிருந்தும் வரவில்லை,
காரணம்பேட்டையிலிருந்து அங்கேயேதான் நின்றிருந்தான்.

முன்பின் தெரியாத ஆளிடம்
செருப்பு சைஸ் எத்தனை என்று எப்படிக் கேட்பது?
பல்லடம் தாண்டியும் வார்த்தை வரவில்லை.
பிறகு வந்ததும் கோணலாகத்தான் வந்தது:
"லைசென்ஸ்ல இருக்கற போட்டோ எப்ப எடுத்ததுங்கண்ணா?"
"எதுக்குங்க அம்மிணி?"

ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டேன்.
பர்சுக்குள் விரலை விட்டு
என்னுடைய அட்டையைத் தேட ஆரம்பித்தேன்.